நெடுநாள் கிடப்பில் இருந்த அவுட்போர்டு மோட்டார்: கயிற்றை இழுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பல ஆண்டுகளாகக் கொட்டகை மூலையிலோ தார்ப்பாய்க்கு அடியிலோ கிடந்த ஓர் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டார்) கைக்கு வந்தவுடன், அது ஓடுமா என்று பார்த்துவிடும் ஆசையில் ஸ்டார்ட்டர் கயிற்றை நான்கைந்து முறை இழுத்துப் பார்ப்பது புதியவர் எவருக்கும் இயல்பாக வரும் செயல். அந்த ஆசையைச் சில நாட்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். கிடப்பில் இருக்கும் மோட்டார் மிக மெதுவாகவே கெடுகிறது. ஆனால் எண்ணெய்ப் படலம் வடிந்து காய்ந்த சிலிண்டர் சுவரில் பிஸ்டன் வளையங்கள் உரசுவதும், குளிர்விக்கும் நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் விறைத்துப்போன இதழ்கள் தண்ணீரின்றிச் சுழன்று பிய்வதும், தண்ணீர் கலந்த கியர் ஆயிலில் பற்சக்கரங்கள் அரைபடுவதும் அவசரமாக ஓட்டிப் பார்க்கும் முதல் சில நிமிடங்களில் நிகழ்பவை. ஆகவே இந்த வழிகாட்டியில், எஞ்சினை ஓட்டுவதற்காகக் கயிற்றை இழுப்பது ஏறக்குறைய கடைசி வேலையாகவே வரும்.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் கார்புரேட்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை, அதாவது பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் வகையைப் பற்றியது. பழைய அவுட்போர்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வகையே. ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு உரிய சில வேறுபாடுகளைப் பின்னர் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

முதலில் மாடல் எண்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், மோட்டாரைப் படகில் பிடிக்கும் கிளாம்ப் பிராக்கெட்டின் பக்கவாட்டில் உள்ள சிறிய தகட்டைத் துடைத்து, அதிலுள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மோட்டார்களுக்கு இம்பெல்லர் அளவும், பிளக் எண்ணும், எண்ணெய்க் கலப்பு விகிதமும் வேறுபடலாம் என்பதால், மூடியின் நிறத்தையும் குதிரைத்திறனையும் மட்டும் சொல்லி உதிரிபாகம் வாங்குவது வீண் அலைச்சலில் முடியும். தயாரிப்பு நின்றுபோன மோட்டார் என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. 1909 முதல் விற்கப்பட்டு வந்த எவின்ரூட் மோட்டார்களின் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் இம்பெல்லர், பிளக், கார்புரேட்டர் கிட் போன்ற அடிக்கடி தேயும் பாகங்களை வேறு உற்பத்தியாளர்களும் செய்கிறார்கள். எண் கைவசம் இருந்தால், அந்த மாடலுக்குரிய சர்வீஸ் மேனுவலையும் தேடிப் பெற்றுவிடுங்கள். நான் இங்கே தரும் அளவுகளும் மேனுவலில் உள்ள அளவுகளும் முரண்பட்டால் மேனுவலையே நம்புங்கள்.

மோட்டாரை உறுதியான மரத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, திறந்தவெளியிலோ காற்றோட்டமுள்ள இடத்திலோ வேலை செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள ஒரு தீப்பொறியைக்கூடத் தேடிப் போகும். பேட்டரி இணைப்பு இருந்தால் கழற்றி வையுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எதைக் கழற்றினாலும் அதற்கு முன் கைப்பேசியில் இரண்டு கோணங்களில் படம் எடுத்துவிடுவது, மீண்டும் பூட்டும்போது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். எலிக் கூடு, குளவி மண், கடித்து வைத்த ஒயர்கள், வெடித்த ரப்பர் குழாய்கள், பச்சை பூத்த இணைப்புகள் ஆகியவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குளிர்விக்கும் நீர் வெளியேறும் சிறு துவாரத்தைக் குளவிகள் மண்ணால் அடைத்து வைப்பது மிகச் சாதாரணம். அதைக் கவனிக்காமல் விட்டால், பின்னர் இம்பெல்லர் வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

எஞ்சின் சுழல்கிறதா?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன், அவற்றைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் தள்ளுங்கள்; இல்லாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக் எந்தச் சிலிண்டருடையது என்பதைக் குறித்து வையுங்கள். கரிய எண்ணெய்ப் பசை டூ-ஸ்ட்ரோக்கில் இயல்பானது. துருவோ தண்ணீர்த் தடமோ இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஈரம் போயிருக்கிறது என்று பொருள். துளை வழியாக ஒரு சிறிய டார்ச்சை அடித்து, பிஸ்டன் தலையிலும் சுவரிலும் துரு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

துரு இல்லையென்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி அளவு டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை விட்டுச் சில மணி நேரம் ஊற விடுங்கள். துரு தெரிந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று நாட்கள் அவ்வப்போது மேலும் சிறிது சேர்த்துக்கொண்டே பொறுத்திருங்கள். அதன் பிறகு எஞ்சினின் உச்சியிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பெரும்பாலான மோட்டார்கள் வலஞ்சுழியாகச் சுழல்பவை. அந்தத் திசையிலேயே சுழற்றுங்கள். எதிர்த்திசையில் சுழற்றினால், பல ஆண்டுகளாக ஒரே பக்கம் வளைந்து பழகிய இம்பெல்லர் இதழ்கள் மடங்கி ஒடிந்துபோகலாம். இம்பெல்லரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றாலும், ஒடிந்த துண்டுகள் நீர்ப்பாதைக்குள் மேலேறிவிட்டால் அவற்றைத் தேடி எடுப்பது தனி வேலையாகிவிடும்.

ஃப்ளைவீல் அசையவே இல்லையென்றால், நீளமான கம்பியை மாட்டி நெம்ப வேண்டாம். எண்ணெயும் பொறுமையும் விடுவிக்காத பிஸ்டனைக் கைபலம் விடுவித்தால், அதோடு வளையமும் உடைந்து வரும்.

சுழலும் எஞ்சினுக்கு அடுத்த சோதனை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய நிலையில், பிளக் ஒயர்களை எஞ்சின் உலோகத்தோடு இணைத்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, பிளக் துளையில் பொருத்திய அழுத்த அளவுமானியின் முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். ஒயர்களை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால், போக்கிடம் இல்லாத உயர்மின்னழுத்தம் மின்னணு இக்னிஷன் பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும். கிடைக்கும் எண் மாடலுக்கு மாடல் வேறுபடும், அளவுமானிக்கு அளவுமானியும் சற்று வேறுபடும். ஆகவே எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டையே பெரிதாகக் கொள்ள வேண்டும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சியாக மேலே செல்லலாம். 15 சதவீதத்தைத் தாண்டினால், கரி பிடித்து ஒட்டிக்கொண்ட வளையமாகவோ ஹெட் கேஸ்கெட் கசிவாகவோ சுவரில் விழுந்த கீறலாகவோ இருக்கலாம். அந்நிலையில் மற்றப் பாகங்களுக்குச் செலவு செய்வதற்கு முன், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவதே சிக்கனம்.

பொறி

புதிய பிளக் வாங்கி மாட்டுவது எளிது. அதற்கு முன் பழைய இக்னிஷன் பொறி தருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென விற்கும் ஸ்பார்க் டெஸ்டரில் ஆறு ஏழு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி, நீலநிறத்தில் சடசடவென்று பொறி பாய வேண்டும். பிளக்கை எஞ்சினில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பழைய முறையில் பலவீனமான பொறிகூடத் தேர்ச்சி பெற்றுவிடும்; மேலும் பிளக் துளையிலிருந்து ஆவி வெளிவரும் நேரத்தில் அப்படிச் செய்வது தீப்பற்றவும் இடம் கொடுக்கும். பொறி வரவில்லையென்றால் எதையும் பிரிப்பதற்கு முன், நிறுத்தும் ஸ்விட்சில் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் மாட்டப்பட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிளிப்பை மறந்துவிட்டு ஒரு பிற்பகல் முழுவதையும் காயில்களைச் சோதிப்பதில் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மிகப் பழைய மோட்டார்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் மேக்னெட்டோவும் (காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் அமைப்பு) பாயின்ட்டுகளும் (அந்த மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இருக்கும். கிடப்பில் இருக்கும்போது பாயின்ட்டின் முகங்களில் படியும் மெல்லிய ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பாயின்ட் அரத்தால் ஓரிரு முறை இழைத்து, பின்னர் துப்புரவுத் திரவத்தில் நனைத்த சுத்தமான தாளை இடையில் செருகி இழுத்தால், பெரும்பாலும் பொறி திரும்பிவிடும். பாயின்ட் இடைவெளி பல பழைய மாடல்களில் 0.5 மில்லிமீட்டர், அதாவது 0.020 அங்குலம். காயிலின் மேற்பூச்சு வெடித்திருந்தால் அதை ஒட்டுப்போட முயலாமல் மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியிருந்தால் அதற்குரிய புல்லரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தமும் கிராங்க் ஷாஃப்டின் முனையும் சேதமடையும். ஸ்டார்ட்டர் கயிறு நைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். ஆனால் அந்தச் சுருள்வில்லைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதைத் தவிருங்கள், அது பாய்ந்து முகத்தைக் கிழிக்க வல்லது.

எரிபொருள்: பழையதில் ஒரு சொட்டும் வேண்டாம்

டேங்கில் எஞ்சியிருக்கும் பெட்ரோல் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது. மிஞ்சுவது பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டே வந்து, ஓரளவைத் தாண்டியதும் தண்ணீரோடு சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மேலே நிற்கும் பெட்ரோலோடு இருந்துவிட, குழாய் உறிஞ்சுவதோ அடி அடுக்கை. எண்ணெயே இல்லாத திரவம் எஞ்சினுக்குப் போனால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐயமிருந்தால் டேங்கின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கீழே தனிக் கோடு தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்து துடைக்க வேண்டும். அந்தக் கழிவை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், கழிவு எரிபொருளை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

எரிபொருள் குழாயை விரல்களுக்கிடையே வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, கையில் பிசுபிசுப்பு ஒட்டினாலோ, விறைத்திருந்தாலோ மாற்ற வேண்டும். பழைய குழாய்களின் உட்புறம் எத்தனாலில் கரைந்து உரிந்து, செதில்களாகக் கார்புரேட்டருக்குப் போய்ச் சேர்வதால், வெளியே நன்றாக இருக்கும் குழாயையும் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே என் வழக்கம். கையால் அழுத்தும் பிரைமர் பல்பில் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அழுத்தும்போது பல்பைச் செங்குத்தாகப் பிடித்தால் உள்ளிருக்கும் வால்வுகள் சரியாக வேலை செய்யும். சில அழுத்தங்களில் அது இறுகி நிற்க வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. இணைப்பிகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இதற்கு வழக்கமான குற்றவாளிகள். எரிபொருள் பம்பின் உதரவிதானத்தையும் இதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். 1950-களின் சில மோட்டார்களில் பம்புக்குப் பதிலாகக் காற்றழுத்த டேங்கும் இரட்டைக் குழாயும் இருக்கும். வயதான அந்த டேங்குகள் கசிந்தால் அழுத்தத்தோடு பெட்ரோலைப் பீய்ச்சும் என்பதால், அவற்றைப் பம்புக்கு மாற்றுவதைப் பற்றி யோசிப்பது தகும்.

கார்புரேட்டரைக் கழற்றாமல், பெட்ரோலில் ஏதாவது துப்புரவு மருந்தைக் கலந்து ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானது, ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடந்த மோட்டாரில் பெரும்பாலும் பலிக்காது. கழற்றுவதற்கு முன் கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருகி, அது அடியில் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். மீண்டும் பூட்டும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே திருப்பினால் தொடக்க நிலை கிடைத்துவிடும். இறுக்கித் திருகினால் ஊசிமுனை மழுங்கிவிடும். மிதவைக் கிண்ணத்தைத் திறந்ததும் பச்சைப் படிவமோ பழுப்பு வார்னிஷோ தெரிந்தால் வியப்படைய வேண்டாம். ஜெட்டுகளை (எரிபொருளை அளந்து விடும் நுண்துளைத் திருகுகள்) வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, ஒவ்வொரு பாதையிலும் அது மறுபக்கம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த பாதைக்குச் செல்லுங்கள். கண்ணாடி அணிய மறக்காதீர்கள், ஏனெனில் அது எதிர்பாராத துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பியை விட்டால் துளை பெரிதாகிக் கலவையே மாறிவிடும். கார்க் மிதவை கொண்ட பழைய கார்புரேட்டர்களில், கார்க்கின் மேற்பூச்சு எத்தனால் கலந்த பெட்ரோலில் கரைந்து மிதவை ஊறிக் கனமாகியிருக்கலாம். கேஸ்கெட், ஊசி வால்வு, மிதவை ஆகியவை அடங்கிய கிட்டைப் போட்டுவிடுவது மறுபடி திறக்கும் வேலையைத் தவிர்க்கும்.

கலப்பு விகிதத்தில் பலர் தவறிழைக்கிறார்கள். பிந்தைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றுக்கு 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். அவற்றுக்கு முந்தைய பலவற்றுக்கு 24:1, அதாவது ஏறக்குறைய 42 மில்லிலிட்டர். தாங்கிகளில் (பேரிங்குகளில்) ஊசி உருளைகளுக்குப் பதிலாக வெண்கலப் புஷ் கொண்ட மிகப் பழைய மோட்டார்களுக்கு அதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படலாம். இன்றைய எண்ணெய் சிறந்தது என்பதால் எல்லாவற்றுக்கும் 50:1 போதும் என்று சொல்பவர்கள் உண்டு. புஷ் வகைத் தாங்கிக்கு எண்ணெயின் தரத்தோடு அளவும் முக்கியம். எண்ணெய் டிசி-டபிள்யூ3 என்ற குறியீடு கொண்டதாக இருக்கட்டும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுகளுக்கென வகுக்கப்பட்ட, சாம்பல் விடாத எண்ணெய் அது. காற்றால் குளிரும் இருசக்கர வண்டி எண்ணெயோ, கார் எஞ்சின் எண்ணெயோ அதற்கு மாற்று ஆகாது. எண்ணெயைத் தானே கலந்துகொள்ளும் மோட்டாராக இருந்தால், முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் 50:1 கலந்துவிடுங்கள். எண்ணெய்க் கலத்தின் மட்டம் குறைவதைக் கண்ணால் கண்ட பிறகே அந்த அமைப்பை நம்பலாம்.

அடிப்பகுதி: கியர் ஆயிலும் இம்பெல்லரும்

புதியவர்கள் தயங்கி விட்டுவிடும் பகுதியும், மோட்டாரைக் கொல்லும் பகுதியும் இதுவே. முதலில் கியர் ஆயில். மோட்டாரைச் செங்குத்தாக வைத்து, அடியிலுள்ள திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அதுவே முதலில் சொட்டும். பிறகு மேல் திருகையும் கழற்றினால் எண்ணெய் தடையின்றி வடியும். கருத்த எண்ணெய் பழையது, அவ்வளவே. பால் கலந்த காபியைப் போல இருந்தால் சீல் கசிகிறது. கீழ்த் திருகின் முனையில் மெல்லிய உலோகப் பசை இருப்பது தேய்மானம். நகத்தால் பிடித்து எடுக்கத்தக்க சில்லுகள் இருந்தால் பற்சக்கரம் உடைந்துகொண்டிருக்கிறது. சில பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வடிகால் திருகுக்கு அருகிலேயே நட்சத்திரத் தலை கொண்ட இன்னொரு திருகு இருக்கும். அது கியர் மாற்றும் அமைப்பைத் தாங்கி நிற்பது. அதைக் கழற்றினால் உள்ளே பாகம் கழன்று, அடிப்பெட்டி முழுவதையும் பிரிக்க நேரிடும்.

புதிய எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே மேல்நோக்கிப் பம்பு செய்ய வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டு, நிறைந்ததைப் போல ஏமாற்றும். மேல் துளையில் குமிழியில்லாமல் எண்ணெய் வழிந்ததும், மேல் திருகை முதலில் மூடி, அதன் பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகை விரைவாக மூடுங்கள். திருகுகளின் வாஷர்கள் விலை மலிவானவை, அவற்றைப் புதிதாகப் போடுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலையே, ஏனெனில் பின்புற சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விடுவது பெரும்பாலும் அந்த நரம்புதான். ஷாஃப்டில் கிரீஸ் தடவி, புதிய காட்டர் பின்னைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ப்ரொப்பெல்லரை இப்போது மாட்ட வேண்டாம்.

இம்பெல்லர் என்பது ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். அடிப்பெட்டியின் மேல், டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி அமர்ந்து, தண்ணீரை எஞ்சினுக்கு ஏற்றுவது அதன் வேலை. கிடப்பில் இதழ்கள் வளைந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. அதற்கு உயவுப்பொருளும் குளிர்ச்சியும் அதே தண்ணீர்தான் என்பதால், வறண்ட நிலையில் சில விநாடிகள் சுழன்றாலே சேதம் தொடங்கிவிடும். பழைய இம்பெல்லர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

அடிப்பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் இட்டு வையுங்கள். உப்புநீரில் உழைத்த மோட்டாரில் ஓர் எஃகு போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தால், சூடு காட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தே வெளியே கொண்டுவர வேண்டும். சூடு காட்டும்போது பெட்ரோல் அருகில் இருக்கக் கூடாது. பல மாடல்களில் ஒரு போல்ட், ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள சிறு துடுப்புத் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் பெட்டி இறங்க மறுத்தால், நெம்புவதற்கு முன் அதைத் தேடுங்கள். அந்தத் தகடு இருந்த கோணத்தைக் கோடிட்டு வைப்பது அவசியம், ஏனெனில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்காமல் இருப்பது அதைப் பொறுத்தது. கியர் கம்பியின் இணைப்பு எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவல் இல்லாமல் இந்த இடத்தில் ஊகிக்க வேண்டாம்.

பம்பு மூடியைத் திறந்து, பழைய இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அது மேலே நீர்ப்பாதையிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அடித்தகட்டிலும் மூடியின் உட்சுவரிலும் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தால், இம்பெல்லரை மட்டும் மாற்றாமல் முழு கிட்டையும் போடுங்கள். இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டான சாவி தவறி விழுந்துவிடும். அதைச் சிறிது கிரீஸால் ஒட்டவைத்து, புதிய இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்து, மூடியைக் கீழே அழுத்திக்கொண்டே ஷாஃப்டை வலஞ்சுழியாகச் சுழற்றினால், இதழ்கள் சரியான பக்கம் மடங்கி உள்ளே நழுவும். டிரைவ் ஷாஃப்டின் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவலாம். உச்சியில் தடவக் கூடாது. அங்கே சிறைப்பட்ட கிரீஸ், ஷாஃப்ட் முழுவதும் மேலே சென்று அமர்வதைத் தடுத்து, போல்ட்டை இறுக்கும்போது கிராங்க் ஷாஃப்டையே அழுத்தும். பெட்டி இறுதி அரை அங்குலம் ஏற மறுத்தால், போல்ட்டால் இழுத்து ஏற்றாமல் ஃப்ளைவீலைச் சற்றே வலஞ்சுழியாகத் திருப்பிப் பற்களைப் பொருத்துங்கள். போல்ட்டுகளுக்குக் கடல்நீர் தாங்கும் கிரீஸ் தடவி இறுக்கினால், அடுத்த முறை கழற்றும்போது உங்களையே நீங்கள் பாராட்டிக்கொள்வீர்கள்.

தெர்மோஸ்டாட் உள்ள மோட்டாரில் அதையும் எடுத்து, சூடாகும் தண்ணீரில் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பாருங்கள். உப்புப் படிந்த அறையைச் சுரண்டித் துடைத்து, புதிய கேஸ்கெட்டோடு மூடுங்கள். அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் அனோடுகள் பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும், அவற்றின்மேல் வண்ணம் பூசவே கூடாது. திருப்பும் அச்சு, சாய்க்கும் குழாய், கிளாம்ப் திருகுகள், கேபிள்கள் ஆகியவற்றுக்குப் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை ஏற்றுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இவற்றோடு எஞ்சின் ஆயிலையும் ஃபில்ட்டரையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் இருந்தால் ஓடிய மணிகளை மட்டுமன்றி அதன் வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். எஃப்சி-டபிள்யூ குறியீடு கொண்ட எண்ணெயே பொருத்தமானது. இத்தகைய மோட்டாரைத் தவறான பக்கமாகப் படுக்க வைத்திருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அதனால் பிளக்கைக் கழற்றிய நிலையில் முதலில் சுழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

முதல் ஓட்டம்

இப்போது கயிற்றை இழுக்கலாம். பெரிய தொட்டியில், ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள கிடைத்தகடு சில சென்டிமீட்டர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் பொருத்துங்கள். நீர் உறிஞ்சும் துளைகளில் மாட்டும் ரப்பர்க் காதுகளைப் பயன்படுத்தினால், முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வழிந்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். வேகத்தை ஐட்லிங்குக்குச் சற்று மேல் மட்டுமே வைக்க வேண்டும், ஏனெனில் சுமையில்லாத எஞ்சின் கட்டுமீறி வேகமெடுக்கும். ப்ரொப்பெல்லர் இல்லாமல் இருப்பது உங்கள் கைகால்களுக்கு நல்லது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதால் மூடிய கொட்டகைக்குள் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

இந்த முதல் சில லிட்டர்களுக்கு 25:1 கலப்பு போதுமான பாதுகாப்பு தரும். 24:1 அல்லது அதற்கும் கூடுதலாகக் கேட்கும் மோட்டாருக்கு அதன் விகிதத்தைக் குறைக்க வேண்டாம். சிலிண்டரில் விட்ட எண்ணெயும் சேர்ந்து எரியும்போது புகை மண்டும், பிளக்குகள் ஒருமுறை நனைந்து நின்றும் போகலாம். அதற்காகவே பழைய பிளக்குகளோடு இந்த ஓட்டத்தை முடித்துவிட்டு, புதியவற்றைப் பிறகு மாட்டுவது என் பழக்கம். எஞ்சின் பிடித்ததும் கண்கள் போக வேண்டிய இடம் நீர்த்தாரை. ஒரு நிமிடத்துக்குள் அது சீராக வர வேண்டும், வராவிட்டால் நிறுத்துங்கள். தாரைத் துவாரமே இல்லாத மிகப் பழைய மோட்டார்களில், மோட்டாரின் காலின் பின்புறத் துளைகளில் புகையோடு கலந்து நீர் சிதறும். ஐயமிருந்தால் சிலிண்டர் ஹெட்டின்மேல் ஒரு துளி நீரைத் தெளியுங்கள். அது சீறிக் கொதித்தால் மோட்டார் சூடேறிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். பதினைந்து நிமிடம் இப்படி ஓட்டி, ஆறவிட்டு, எண்ணெய்க் கசிவும் பெட்ரோல் கசிவும் பார்த்து, தளர்ந்த நட்டுகளை இறுக்கிய பிறகு ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள்.

படகில் முதல் முறை இறங்கும்போது கரையோரமாகவே, துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் கொண்டு, பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொண்டு செல்லுங்கள். முதல் மணி நேரத்தில் ஒரே வேகத்தில் நீடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, முழு த்ராட்டிலைச் சில விநாடிகள் மட்டும் தொட்டுப் பாருங்கள். உப்புநீரில் ஓட்டினால் திரும்பியதும் நன்னீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு உட்பாதைகளைக் கழுவ வேண்டும். ஏறக்குறைய பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் கியர்பெட்டியின் கீழ்த் திருகை மீண்டும் சற்றே தளர்த்தி, முதலில் வரும் சொட்டைப் பாருங்கள். அது தெளிந்த எண்ணெயாக இருந்தால் சீல்கள் தாங்குகின்றன. வெளுத்திருந்தால் சீல்களை மாற்றும்வரை மோட்டாரைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.